வேலை எண்ணூரில், ரூம் கிண்டியில்: ஆபீஸ் டிராவலுக்கு எந்த ஓட்டல் சரி?

'ஆபீஸ் வேலையா சென்னை போறேன், ராத்திரிக்கு அஞ்சாயிரம் பட்ஜெட், எந்த ஓட்டல் பெட்டர்?' இந்தக் கேள்வியை யாரிடம் கேட்டாலும் ஏறக்குறைய ஒரே பட்டியல்தான் வரும். ஜிஞ்சர், ஐபிஸ், லெமன் ட்ரீ, ஃபேர்ஃபீல்ட், ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ். அப்புறம் ஒப்பீடு தொடங்கும். எதில் பிரேக்ஃபாஸ்ட் நல்லா இருக்கும், எதில் வைஃபை வேகம், எதில் பாயின்ட்ஸ் அதிகம்.

உங்கள் வேலை தரமணியிலோ சிறுசேரியிலோ இருந்தால் இந்த ஒப்பீடு போதும். எண்ணூரில் என்றால், இதில் பாதி உங்களுக்குப் பயன்படாது.

(நம்ம ஊரில் ஓட்டல் என்றால் சாப்பிடும் இடம், தங்கும் இடத்துக்குப் பேர் லாட்ஜ். இந்தக் கட்டுரையில் வரும் ஓட்டல் எல்லாம் ரூம் கொடுக்கும் ஓட்டல். ராத்திரிக்கு ரூ.7,500-க்குள் கிடைப்பதை மிட்-ரேஞ்ச் என்று எடுத்துக்கொள்கிறேன். ஏன் அந்த எண் என்பது கீழே வரும்.)

யார் வருகிறார்கள் எண்ணூருக்கு?

கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கும் மீனவ கிராமம் நெட்டுக்குப்பம். அங்கே நின்று வடக்கே பார்த்தால் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். வட சென்னை அனல்மின் நிலையத்தின் முதல் நிலை 630 மெகாவாட், இரண்டாவது 1,200, 2024 மார்ச்சில் திறந்த மூன்றாவது 800. பக்கத்திலேயே வல்லூரில் இன்னொரு 1,500 மெகாவாட். அதைத் தாண்டினால் 2001-ல் தொடங்கிய எண்ணூர் துறைமுகம், அதாவது இன்றைய காமராஜர் துறைமுகம். அதற்கும் வடக்கே காட்டுப்பள்ளி துறைமுகம். தெற்கே திரும்பினால் எண்ணூர் அசோக் லேலண்ட், திருவொற்றியூர் எம்.ஆர்.எஃப். உள்ளே மணலியில் ஆண்டுக்கு 1.05 கோடி டன் கச்சா எண்ணெய் சுத்திகரிக்கக்கூடிய சி.பி.சி.எல்.

இத்தனை பெரிய இடங்களுக்கு வெளியூர் ஆள் வராமல் இருப்பார்களா? டர்பைன் சர்வீஸ் பண்ண வரும் இன்ஜினியர், கணக்குப் பார்க்க வரும் ஆடிட்டர், கப்பலைச் சோதிக்க வரும் சர்வேயர், சாஃப்ட்வேர் போட்டுக் கொடுக்க பெங்களூரிலிருந்து வரும் இருபத்தைந்து வயதுக்காரர், கப்பலில் ஏற வேண்டிய மாலுமி. ரீஃபைனரியில் பராமரிப்புக்காக யூனிட்டை நிறுத்தும் மாதங்களில் கூட்டம் இன்னும் அதிகம்.

இவர்கள் எல்லாம் ராத்திரி எங்கே தூங்குகிறார்கள்?

மேலே சொன்ன ஐந்து செயின்களின் ஆப்பையும் திறந்து 'சென்னை' என்று தட்டிப் பாருங்க. ஜிஞ்சர் தரமணி பக்கமும் வடபழனியிலும் இருக்கு. லெமன் ட்ரீ கிண்டி சர்தார் படேல் சாலையில். ஐபிஸ் ஒன்று அண்ணா சாலையில், இன்னொன்று ஓ.எம்.ஆரில். ஃபேர்ஃபீல்ட் ஓ.எம்.ஆர். ஹாலிடே இன் எக்ஸ்பிரஸ் ஓ.எம்.ஆர் துரைப்பாக்கம். வரைபடத்தில் ராயபுரத்துக்கு மேலே விரலை நகர்த்தினால் இவர்களின் பெயர்ப்பலகை ஒன்றுகூட வராது. புக்கிங் ஆப்புக்குச் சென்னை என்பது ஒரே ஊர். துரைப்பாக்கத்தில் ரூம் எடுத்துக்கொண்டு எண்ணூருக்கு வேலைக்குப் போகிறவருக்கு அது இரண்டு ஊர்.

செயின்களுக்குள் என்ன வித்தியாசம்?

இருக்கு, ஆனால் விளம்பரம் சொல்கிற அளவுக்கு இல்லை. தாஜ் குழுமத்தின் ஜிஞ்சர் 2004-ல் பெங்களூரில் 'இண்டிஒன்' என்ற பெயரில் தொடங்கியது. பெட்டியை நீங்களே தூக்கிக்கொண்டு போங்க, தேவையில்லாத சேவைக்குக் காசு வேண்டாம் என்பதுதான் அன்றைய கொள்கை. இப்போது கொஞ்சம் மெருகேறிவிட்டது. பிரான்ஸ் நாட்டு ஆக்கர் குழுமத்தின் ஐபிஸ், இங்கே இண்டிகோ விமானத்தின் பின்னால் இருக்கும் இன்டர்குளோபுடன் சேர்ந்து வந்தது. ரூம் சின்னதுதான், ஆனால் எந்த ஊருக்குப் போனாலும் அதே ரூம். லெமன் ட்ரீ 2002-ல் தொடங்கிய உள்நாட்டு நிறுவனம். காது கேளாத, வாய் பேச முடியாத ஊழியர்களை 2007-லிருந்து வேலைக்கு எடுத்துவருகிறது, அதை நேரில் பார்க்கவும் முடியும். ஃபேர்ஃபீல்ட் மேரியட் குடும்பம், அதனால் பாயின்ட்ஸ் சேர்ப்பவர்களுக்குப் பிடிக்கும். ஹாலிடே இன் எக்ஸ்பிரஸில் காலை உணவு வாடகையிலேயே சேர்ந்தது.

சுத்தமான படுக்கை, ஓடுகிற ஏ.சி, ஒழுங்கான பில். இந்த மூன்றும் ஐந்திலும் கிடைக்கும். ஆகவே எண்ணூர் வேலைக்கு வருகிறவர் பார்க்க வேண்டியது வேற.

முதலில் பாருங்க: நீலத் தடம்

விமான நிலையத்திலிருந்து கிளம்பும் மெட்ரோவின் நீல வழித்தடம் 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீண்டது. அடுத்த ஆண்டு மார்ச்சில் திருவொற்றியூர் தேரடி, விம்கோ நகர் டிப்போ நிலையங்களும் சேர்ந்தன. சுமார் 9 கி.மீ நீட்டிப்புதான், ஆனால் வட சென்னைக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு ஓட்டல் கணக்கையே மாற்றிய 9 கி.மீ. அதிகபட்சக் கட்டணம் ரூ.50. முதல் ரயில் காலை 5 மணிக்கு, கடைசி ரயில் இரவு 11 மணிக்கு.

விம்கோ நகரில் இறங்கினால் அங்கேயே புறநகர் ரயில் இருக்கு. கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு புதுநகர் என்று வரிசையாக நிலையங்கள். அனல்மின் நிலையம், துறைமுகம் பக்கம் போக வேண்டியவர்கள் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிக்கலாம். ஒரு எச்சரிக்கை: கும்மிடிப்பூண்டி ரூட்டில் ரயில், தாம்பரம் ரூட் மாதிரி அடிக்கடி வராது. ஆப்பில் நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்க.

இந்தக் கணக்கில் ஐந்து செயின்களின் வரிசை அப்படியே தலைகீழாகிறது. அண்ணா சாலை ஐபிஸ் முதலில் வருகிறது, ஏனென்றால் மெட்ரோ நடக்கிற தூரம். கிண்டி லெமன் ட்ரீ அடுத்து, ஒரு குட்டி ஆட்டோ சவாரியில் நீலத் தடம் வந்துவிடும். வடபழனி ஜிஞ்சர் பச்சைத் தடத்தில் இருக்கு, சென்ட்ரலில் மாற வேண்டும், பரவாயில்லை. ஓ.எம்.ஆரில் இருப்பவை எல்லாம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் இந்த வேலைக்குக் கடைசிதான். அங்கே மெட்ரோ இன்னும் கட்டுமானத்தில்தான் இருக்கு.

'கம்பெனி கார் அனுப்புது, எனக்கு எதுக்கு மெட்ரோ?' என்று கேட்கலாம். எண்ணூர் விரைவுச் சாலையில் ஒரு முறை காரில் போய்விட்டு அந்தக் கேள்வியைக் கேளுங்க. துறைமுகங்களுக்குப் போகும் கன்டெய்னர் டிரெய்லர்கள் வரிசையாக நிற்கும் நாளில் உங்கள் கார் ஏ.சி காரா, எந்த செயின் ஓட்டலிலிருந்து வருது என்பதெல்லாம் யாருக்கும் பொருட்டில்லை. போக வர ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் சாலையில் என்று வைத்துக்கொண்டால், ஐந்து நாள் வேலைக்குப் பதினைந்து மணி நேரம். அதற்கு எந்தக் கம்பெனியும் ஓவர்டைம் தருவதில்லை. போவது அந்த இருபத்தைந்து வயதுக்காரரின் தூக்கம். அவர் மறுநாள் காலை கொதிகலன் பக்கத்தில் நின்று வேலை பார்க்க வேண்டியவர் என்பதையும் சேர்த்து யோசியுங்க.

இலவச பிரேக்ஃபாஸ்ட் யாருக்கு?

செயின்களை ஒப்பிடும் எல்லா வீடியோவிலும் பிரேக்ஃபாஸ்ட் பஃபே பெரிய இடம் பிடிக்கும். ஷிஃப்ட் தொடங்குவதற்குள் பிளான்ட் கேட்டில் இருக்க வேண்டியவர் கிண்டியிலிருந்து ஐந்தரை, ஆறுக்கே கிளம்பியாக வேண்டும். பஃபே அப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கும். இட்லியும் பொங்கலும் வாடகையில் சேர்ந்திருக்கும், வயிற்றில் சேராது. முந்தைய நாள் இரவே ரிசப்ஷனில் பார்சல் சொல்லி வையுங்க. பெரும்பாலான செயின்கள் கட்டிக் கொடுக்கும், கேட்டால். அதுவும் வேண்டாம் என்றால் காலை உணவு சேர்க்காத ரேட்டில் புக் பண்ணிவிட்டு, விம்கோ நகரில் இறங்கி சூடாக இட்லி சாப்பிடுங்க. நான் அதைத்தான் சொல்வேன்.

ரூ.7,500 என்ற கோடு

இப்போது பில். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை ரூ.7,500 வரை உள்ள அறைகளுக்கு ஜி.எஸ்.டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. அதற்கு மேல் ஒரு ரூபாய் போனாலும் 18 சதவீதம்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்க. ரூ.7,500 அறைக்கு வரி ரூ.375, மொத்தம் ரூ.7,875. நூறு ரூபாய் கூடுதலாக ரூ.7,600 அறை என்றால் வரி ரூ.1,368, மொத்தம் ரூ.8,968. நூறு ரூபாய் வித்தியாசம் பில்லில் ரூ.1,093 ஆகிறது. டிமாண்டுக்கு ஏற்ப ரேட் ஏறி இறங்கும் ஆப்களில் இந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்று பார்த்து புக் பண்ணுவது நல்லது.

ராத்திரி சாப்பாட்டிலும் இந்தக் கோடு வரும். ஒரு ஓட்டல் போன நிதியாண்டில் ஒரு அறையையாவது ரூ.7,500-க்கு மேல் விற்றிருந்தால், அதன் ரெஸ்டாரன்டில் வரி 18 சதவீதம். இல்லாவிட்டால், ஓட்டலே விரும்பி 18 சதவீதத்தைத் தேர்ந்தெடுக்காத வரை, 5 சதவீதம். 500 ரூபாய் சாப்பாட்டுக்கு வரி 90 ரூபாயா, 25 ரூபாயா என்பது உங்கள் அறை வாடகையைப் பொறுத்தது இல்லை, போன வருஷம் யாரோ ஒருவர் எடுத்த சூட் ரூமைப் பொறுத்தது. படியில் சாப்பிடுகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

இன்னொன்று, வெளிமாநில நிறுவனங்களுக்கு. ஓட்டல் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அந்த மாநிலத்தின் வரிதான் பில்லில் வரும். மகாராஷ்டிராவில் மட்டும் ஜி.எஸ்.டி பதிவு வைத்திருக்கும் கம்பெனி, சென்னை ஓட்டல் பில்லின் வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுக்க முடியாது. முன்பு ரூ.4,000 அறைக்கு ரூ.480 அப்படிப் போய்க்கொண்டிருந்தது, இப்போது ரூ.200. ஆனால் புதிய 5 சதவீத விகிதத்தில் ஓட்டல்காரர் தான் வாங்கும் பொருள், சேவைக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது. அந்தச் சுமையை அவர் வாடகையில் ஏற்றினால் குறைந்த வரி கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

அரசு வேலைக்காரர்களுக்கு வேற கோடு. மத்திய அரசின் 2017 பயணப்படி ஆணையில் ஓட்டலுக்கு உச்சவரம்பு, 14-ம் நிலையும் அதற்கு மேலும் ஒரு நாளைக்கு ரூ.7,500, 9 முதல் 11 வரை ரூ.2,250, 6 முதல் 8 வரை ரூ.750. அகவிலைப்படி 50 சதவீதம் ஏறும்போது இந்த வரம்பும் 25 சதவீதம் ஏறலாம் என்ற விதி உண்டு. அப்படி ஏறினாலும் 750 ரூபாய் ஆயிரத்தைத் தொடாது. அந்தக் காசுக்கு மேலே சொன்ன செயின் எதுவும் கிடையாது. லாட்ஜ்தான்.

லாட்ஜ் போனால் என்ன?

தப்பே இல்லை. பாரிமுனையிலும் சென்ட்ரல் பக்கமும் வியாபாரத்துக்கு வந்தவர்களைத் தலைமுறையாகத் தங்க வைத்தது லாட்ஜ்கள்தான். திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு கட்டிலை வாடகைக்கு எடுத்துத்தான் எத்தனையோ பேர் சென்னையில் வேலையைத் தொடங்கினார்கள். தூரக் கணக்கில் பார்த்தாலும் கிண்டியைவிடப் பாரிமுனை எண்ணூருக்குக் கிட்ட.

சிக்கல் வேற இடத்தில். சின்ன லாட்ஜ் ஜி.எஸ்.டி பதிவே இல்லாமல் நடக்கலாம், அப்போது அது தரும் ரசீதை ஆபீஸ் அக்கவுன்ட்ஸ் திருப்பி அனுப்பும். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் குடியேற்ற அலுவலகத்துக்குத் தகவல் பதிய வேண்டும் என்பதால், அந்த வேலையே வேண்டாம் என்று சில லாட்ஜ்கள் அவர்களுக்கு ரூம் தராது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம்: தனியாக வரும் பெண். இன்று பிளான்ட் வேலைக்குப் பெண் இன்ஜினியர்களும் வருகிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு ஹெல்மெட்டும் லேப்டாப் பையுமாக உள்ளே நுழைகிறவரிடம் 'கூட யாரும் வரலையா?' என்று கேட்காத ரிசப்ஷன் அவருக்கு வேண்டும். செயின் ஓட்டலுக்கு அவர் கொடுக்கும் கூடுதல் பணம் மெத்தைக்காக இல்லை, அந்தக் கேள்வி வராமல் இருப்பதற்காக. ஆகவே வட சென்னையில் செயின் இல்லை என்றால் தினமும் அதிக தூரம் பயணம் செய்வது அவர்தான். ஆண் சகா திருவொற்றியூரில் ஒரு லாட்ஜில் சமாளித்துவிடுவார்.

ஏன் இங்கே வரவில்லை?

ஓ.எம்.ஆர் ஐபிஸின் பெயரைக் கவனியுங்க: 'ஐபிஸ் சென்னை சிப்காட்'. தொழிற்பேட்டையின் பெயரையே ஓட்டல் தன் பெயரில் வைத்திருக்கு. தொழில் இருக்கும் இடத்துக்கு ஓட்டல் வரும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம். துறைமுக ஊருக்கும் வரும். தூத்துக்குடியில் ஜி.ஆர்.டி-யின் ரீஜென்சி இருக்கு. அப்படியானால் எண்ணூருக்கு மட்டும் ஏன் இல்லை?

ஓட்டல்காரர் தரப்பில் நியாயம் உண்டு. திங்கள் முதல் வெள்ளி வரை நிறையும் அறை சனி, ஞாயிறு காலியாகக் கிடக்கும். கல்யாண ரிசப்ஷனுக்கு இந்தப் பக்கம் யார் வருவார்கள் என்று யோசிப்பார். பெரிய ஆலைகளுக்குச் சொந்த விருந்தினர் மாளிகை உண்டு. அப்புறம் காற்று. 2009-ல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் மிக மோசமாக மாசுபட்ட தொழிற்பகுதிகளைப் பட்டியல் போட்டபோது மணலியும் அதில் இருந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர் முகத்துவாரம் வரை பரவியது. அதே மாதக் கடைசியில் பெரியகுப்பம் பக்கம் அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடினார்கள். ஜன்னலைத் திறந்தால் கடல் என்று விளம்பரம் போட முடியாது.

இதே எண்ணூர் ஒரு காலத்தில் பிரிட்டிஷ்காரர்கள் ஓய்வெடுக்க வந்த இடம். ஆற்றோரம் தோட்ட வீடுகள் கட்டிக்கொண்டு வாரக்கடைசியைக் கழித்தார்கள். காற்று நல்லா இருக்கு என்று!

இந்தக் காரணங்கள் எல்லாம் உண்மை. ஆனாலும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். காற்று கெட்டது என்று ராத்திரி தங்க வராத அதே ஆட்கள் பகலில் இங்கேதான் சம்பாதிக்கிறார்கள். முகத்துவாரத்தில் எண்ணெய் மிதந்தபோது நெட்டுக்குப்பத்து மீனவர்களுக்கு வலை போச்சு, படகில் எண்ணெய் ஒட்டியது, பிடித்த மீனை வாங்க ஆள் இல்லை. பாதிப்பு முழுக்க இங்கே தங்குகிறது. ஆலைக்கு வருகிறவர்கள் ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் காருக்கும் செலவழிக்கும் பணம் மட்டும் தினமும் சாயங்காலம் தெற்கே கிளம்பிவிடுகிறது. ஒரு மிட்-ரேஞ்ச் ஓட்டல் வந்தால் ரிசப்ஷன், கிச்சன், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, லாண்டரி என்று உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை உண்டு. மீன் வாங்கவும் அந்த கிச்சன் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. காற்றைப் பற்றிப் புகார் சொல்ல வெளியூர் விருந்தாளிகளும் இருந்தால், அந்தப் புகாருக்குக் கொஞ்சம் சீக்கிரம் பதில் வரும் என்றும் நினைக்கிறேன்.

அது குப்பத்துக்குள் வர வேண்டாம். கடலோர நிலம் ஏற்கெனவே போதுமான அளவு கை மாறிவிட்டது. திருவொற்றியூர் தேரடிக்கும் விம்கோ நகருக்கும் நடுவில், மெட்ரோவை ஒட்டி வரட்டும். அங்கிருந்து பிளான்டும் கிட்ட, சனி, ஞாயிறு காலியாக இருக்குமே என்ற பயத்துக்கும் பதில் இருக்கு. வடிவுடையம்மன் கோயிலுக்கு வெளியூரிலிருந்து வரும் கூட்டம் வாரக்கடைசியில்தான் அதிகம்.

அது வரும்வரை ஒரு சின்ன வேலை உங்கள் கையில். அடுத்த முறை டிராவல் டெஸ்க்குக்கு மெயில் போடும்போது 'சென்னை, மூன்று இரவுகள்' என்று எழுதாதீங்க. 'அத்திப்பட்டு புதுநகர், காலை 7 மணிக்கு கேட்டில் இருக்கணும், நீல மெட்ரோ பக்கத்தில் ரூம், வாடகை ரூ.7,500-க்குள், பிரேக்ஃபாஸ்ட் பார்சல்' என்று எழுதுங்க. புக் பண்ணுகிறவர் எண்ணூர் வரைபடத்தைத் திறந்து பார்ப்பது அநேகமாக அப்போதுதான் முதல் தடவையாக இருக்கும்.